ஒரு சைஸ் பெரிதாக வேண்டாம்

பார்க் ஸ்கீயிங் தொடங்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும்,

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று இருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தோடு போயோ நண்பர்களோடு போயோ ஸ்கீயிங் பழகிவிட்டது. விழாமல் இறங்குகிறது, நினைத்த இடத்தில் திரும்புகிறது, நிற்கிறது. இப்போது அதன் கண் முழுவதும் மலையின் ஓரத்தில் கம்பிகளும் பெட்டிகளும் பனிமேடுகளும் வைத்து ஒதுக்கியிருக்கிற டெரெய்ன் பார்க்கில்தான். "பார்க் ஸ்கீ வாங்கித் தாங்கோ" என்று வீட்டில் நச்சரிப்புத் தொடங்கியிருக்கும். ஸ்கீ சாமான் கடையில் பூட்ஸ் பொருத்திவிடுவது என் வேலை. ஒக்டோபர் பிறந்தால் உங்களில் பலர் பிள்ளையோடு எங்கள் வாசலுக்கு வருகிறீர்கள்.

உள்ளே வந்ததும் பிள்ளை நேராக ஸ்கீகள் சாத்தி வைத்திருக்கும் சுவருக்குப் போகும். ஸ்கீகளின் மேல் வரைந்திருக்கிற படங்கள் அப்படி. அங்கேயே காசின் பெரும்பகுதி முடிவாகிவிடும். பிறகு மிச்சக் காசோடு பூட்ஸ் பக்கம் வருவீர்கள். "வளருற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாத் தாங்கோ" என்பீர்கள். இந்த மடல் முழுவதும் அந்த ஒரு வசனத்துக்கு எதிரானது. வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதே என் கோரிக்கை. முதலில் பூட்ஸ். காலுக்குச் சரியான அளவில், கைவசம் இருக்கிற காசில் பாதிக்கு மேல் அதற்கே. ஸ்கீ அதற்குப் பிறகு, மலிவாக, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊரில் தைப் பொங்கலுக்கு வாங்கிய பள்ளிச் சப்பாத்து அடுத்த வருடமும் வர வேண்டும் என்பதற்காக முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டவர்கள் நாம். நடக்கிற சப்பாத்து கொஞ்சம் தளர்வாக இருந்தால் கால் அதைச் சமாளித்துக்கொள்ளும். ஸ்கீ பூட்ஸ் நடப்பதற்கானது அல்ல. பிள்ளையின் பாதமும் முழங்காலுக்குக் கீழே இருக்கிற முன்கால் எலும்பும் செய்கிற சின்ன அசைவைக் கீழே ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கீக்குக் கடத்துவது அது ஒன்றுதான். பூட்ஸுக்குள் பாதம் அசைந்தால், அந்த அசைவு பூட்ஸுக்குள்ளேயே தீர்ந்துபோகும். ஸ்கீக்குப் போய்ச் சேராது.

சாதாரணச் சரிவில் இதன் விளைவு பெரிதாகத் தெரியாது. பார்க்கில் உடனே தெரியும். 'ரெயில்' என்கிற கம்பியின் மேல் ஏறும்போது பிள்ளை துள்ளி, ஸ்கீ இரண்டையும் கம்பிக்குக் குறுக்காகத் திருப்பி இறங்க வேண்டும். பூட்ஸ் பெரிதென்றால் பாதம் முதலில் திரும்பும், ஸ்கீ அரை நொடி பிந்தித் திரும்பும். அந்த அரை நொடியில் பிள்ளை கம்பியில் இடுப்பை அடித்துக்கொள்ளும். ஜம்பில் இன்னும் மோசம். காற்றிலிருந்து இறங்கும் கணத்தில் உடல் சற்றே பின்னால் சாய்ந்திருந்தால், குதிக்கால் மேலே கிளம்பும், பாதம் முன்னால் வழுக்கும், முன்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் போய் மோதும். இது ஒவ்வொரு இறக்கத்திலும் நடந்தால் அந்த இடம் கன்றிப்போகும். பார்க்கில் இதை 'ஷின் பேங்' என்பார்கள். வந்துவிட்டால் விரல் பட்டாலும் பிள்ளை துடிக்கும், அதோடு வாரக்கணக்கில் ஸ்கீ கிடையாது. எங்கள் கடைக்கு இந்த வலியோடு வருகிறவர்களில் அநேகரின் பூட்ஸ் காலைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது. வலிக்கிறதென்று அவர்கள் இன்னும் பெரிய பூட்ஸ் கேட்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கீ பூட்ஸ் அளவு 'மொண்டோ' என்கிற கணக்கில் வரும். பாதத்தின் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ அதுதான் எண். பிள்ளையை வெறுங்காலோடு நிறுத்தி, குதிக்காலைச் சுவரில் ஒட்டவைத்து, பெருவிரல் முனைவரை அளந்து பாருங்கள். 24.5 வந்தால் 24.5. ஓடுகிற சப்பாத்தின் எண்ணை வைத்து அட்டவணை பார்க்கப் போகாதீர்கள், அது பெரும்பாலும் ஓர் அளவு கூட்டித்தான் காட்டும். இன்னொரு விஷயம்: அநேகக் கொம்பனிகளின் பூட்ஸில் 24.0, 24.5 இரண்டுக்கும் வெளி ஓடு ஒன்றேதான். ஆகவே "அரை சைஸ் கூட்டித் தாங்கோ" என்று கேட்டு வாங்குவதில் நீளம் எதுவும் கிடைப்பதில்லை.

அளந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடாமல் ஒரு சோதனை செய்ய வேண்டும். பூட்ஸின் உள்ளே இருக்கிற மெத்தென்ற லைனரைக் கழற்றி வெளியே எடுங்கள். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் பிள்ளை காலை விட்டு, விரல்கள் முன்னால் மெல்லத் தொடும்படி நிற்கட்டும். இப்போது குதிக்காலுக்கும் பின் ஓட்டுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் நல்ல பொருத்தம். வளர்கிற பிள்ளைக்கு 2 சென்டிமீட்டர் வரை விட்டுக்கொடுக்கலாம். உங்கள் சிக்கனத்துக்கு நான் தரக்கூடிய இடம் அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் அது பிள்ளையின் பூட்ஸ் அல்ல, அண்ணனின் பூட்ஸ்.

லைனரை உள்ளே வைத்துப் போட்ட பிறகு பிள்ளை நிமிர்ந்து நின்று, "விரல் இடிக்குது, சின்னன்" என்று சொல்லும். பெரும்பாலான பெற்றோர் அந்த இடத்தில்தான் மனம் இளகிப் பெரியதை எடுக்கிறார்கள். அவசரப்படாதீர்கள். குதிக்காலைத் தரையில் இரண்டு தரம் தட்டிப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். பக்கிள்களைப் பூட்டுங்கள். முழங்காலை மடித்து முன்னால் சாயச் சொல்லுங்கள். பாதம் பின்னால் இழுபட்டு விரல்கள் சுவரைவிட்டு விலகும். ஸ்கீயில் நிற்கிற நிலை இதுதான். நிமிர்ந்து நிற்கும்போது தொட்டு, சாயும்போது விலகினால் அளவு சரி. அப்படியே இருபது நிமிடம் கடைக்குள் நடக்கவிடுங்கள். எங்கும் இறுக்கமாக, ஆனால் எந்த ஓர் இடத்திலும் குத்தாமல் இருக்க வேண்டும். கணுக்காலிலோ சுண்டுவிரல் பக்கமோ ஒரே புள்ளியில் குத்தினால், அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடலாம், லைனரையும் சூடாக்கிக் காலின் வடிவத்துக்கு ஆக்கலாம். சின்னதைப் பெரிதாக்க எங்களுக்குப் பல வழிகள் இருக்கின்றன. பெரியதைச் சின்னதாக்க உருப்படியான வழி ஒன்றும் இல்லை. சில நாள் சறுக்கினாலே லைனர் அமுங்கிப் பூட்ஸ் தானாகவும் தளரும்.

அகலத்துக்கும் ஓர் எண் உண்டு: 98 மில்லிமீட்டர் என்றால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102க்கு மேல் அகலம். உங்களில் சிலர் பிள்ளைகளோடு சேர்ந்து தாங்களும் பழகத் தொடங்கியிருக்கிறீர்கள். பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஊரில் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். நீங்கள் நீளத்தைக் கூட்டி அகலத்தைத் தேடாமல், அகலமான ஓடு உள்ள மொடலைக் கேளுங்கள்.

சொக்ஸ் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் குறிப்பாக அம்மாமாருக்கு. பிள்ளைக்குக் குளிருமே என்று இரண்டு சோடி கம்பளிச் சொக்ஸ் போட்டு அனுப்புகிறீர்கள். அது பாதத்தை நெரித்து இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, கால் இன்னும் குளிர்கிறது. முழங்கால்வரை வரும் மெல்லிய ஸ்கீ சொக்ஸ் ஒரு சோடி போதும். பூட்ஸுக்குள் அதைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது, உள்ளே போடுகிற தெர்மல் காற்சட்டையின் நுனியும்கூட.

இனி விறைப்பு. பூட்ஸின் மேல் 60, 80, 100, 120 என்று ஓர் எண் எழுதியிருக்கும். எண் கூடினால் முன்னால் வளைப்பது கடினம். ஆனால் இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கொம்பனியின் 90 இன்னொன்றின் 100 போல இருக்கும். கடையின் வெதுவெதுப்பில் இலகுவாக வளைகிற பிளாஸ்டிக், மைனஸ் 15இல் இன்னும் விறைத்துவிடும். பிள்ளைகளுக்கு 60 முதல் 80 வரை, ஓரளவு எடையுள்ள பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் 90 முதல் 110 வரை என்று தொடங்கலாம். பிள்ளை முழங்காலை மடித்தால் பூட்ஸும் கூடவே வளைய வேண்டும். வளையாத பூட்ஸ் பிள்ளையைப் பின்னால் தள்ளும், பின்னால் சாய்ந்த பிள்ளை ஜம்பில் முதுகில் விழும். அட்டகாசமான எண்ணைத் தேடி வாங்குவதற்குப் பார்க்கில் ஒரு பயனும் இல்லை.

பார்க்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் மூன்று துண்டாகச் செய்த பூட்ஸ் போட்டிருப்பதைக் காண்பீர்கள். கீழ் ஓடு, மேல் பட்டை, முன்னால் தனியாக ஒரு நாக்கு. ரைக்லே கொம்பனியின் ஃப்ளெக்ஸன் என்கிற பழைய பூட்ஸிலிருந்து வந்த அமைப்பு இது. 2006இல் ஃபுல் டில்ட் என்ற பெயரில் மறுபடி சந்தைக்கு வந்து பார்க் பிள்ளைகளிடையே பிரபலமானது, இப்போது கே2 தன் பெயரிலேயே விற்கிறது. டல்பெல்லோவும் இதே முறையில் செய்கிறது. முன்னால் வளையும்போது திடீரென்று முட்டி நிற்காமல் ஒரே சீராக வளைந்துகொடுப்பதுதான் இதன் சிறப்பு. முன்கால் எலும்புக்கு அது இதம். ஆனால் எல்லாக் காலுக்கும் இது பொருந்தாது. பிள்ளையின் காலுக்குச் சாதாரண நாலு பக்கிள் பூட்ஸ்தான் சரியாக அமைகிறதென்றால் அதையே எடுங்கள். எந்த வகையானாலும் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற பலகையைக் கேட்டுப் பாருங்கள். ரப்பர் போல அதிர்வு வாங்குகிற பலகை இருந்தால் குதிக்காலுக்கு நல்லது.

இப்போது சுவரில் சாத்தியிருக்கிற ஸ்கீகளுக்கு வருவோம். பார்க் ஸ்கீ இரண்டு முனையும் மேலே வளைந்திருக்கும். பிள்ளைகள் முன்னோக்கிப் போய்ப் பின்னோக்கி இறங்குகிறார்களே, வால் தட்டையாக இருந்தால் அது பனியில் குத்திவிடும். இந்த ஸ்கீயின் கதையில் கனடாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தொண்ணூறுகளில் பார்க்குகள் ஸ்னோபோர்ட்காரர்களின் இடமாக இருந்தன. பல மலைகளில் ஸ்கீக்கு அங்கே அனுமதியே இல்லை. மைக் டக்ளஸ், ஜே.பி. ஒக்லேர், ஜே.எஃப். குசோன், வின்சென்ட் டோரியோன் போன்ற கனடிய இளைஞர்கள் தாங்களும் அங்கே இறங்க வேண்டும் என்று நின்றார்கள். இருபுறமும் வளைந்த ஸ்கீ செய்துதரும்படி கொம்பனி கொம்பனியாகக் கேட்டார்கள். பலர் மறுத்தார்கள், சலமோன் ஏற்றுக்கொண்டது. 1998இல் வந்த அந்த 'டென்எய்ட்டி'க்குப் பிறகுதான் இந்த விளையாட்டு உலகம் முழுவதும் பரவியது. 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் பார்க் போட்டியான ஸ்லோப்ஸ்டைல் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டபோது பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற டாரா ஹவல் இதே ஒன்ராறியோவின் ஹன்ட்ஸ்வில் ஊர்ப் பிள்ளை. நம் மலைகள் சின்னவை. பெரிதென்று சொல்லப்படுகிற புளூ மவுண்டனிலேயே உச்சிக்கும் அடிக்கும் 220 மீட்டர்தான் வித்தியாசம். பார்க் பழக அது தாராளம். ஒரே ரெயிலில் ஒரு நாளில் எத்தனை தடவை ஏற முடிகிறது என்பதுதான் இங்கே கணக்கு.

ஸ்கீயின் நீளம் பிள்ளையின் மூக்குக்கும் நெற்றிக்கும் இடையில் வந்தால் போதும். வால் வளைந்திருப்பதால் பனியில் படுகிற நீளம் அதைவிடக் குறைவு. ஆகவே தாடைக்குக் கீழே நிற்கிற குட்டை ஸ்கீ வேண்டாம், இறங்கும்போது தாங்காது. காலடியில் 80 முதல் 90 மில்லிமீட்டர் அகலம் நம் மலைகளுக்கு ஏற்றது. ஒன்ராறியோவில் பனியின் பெரும்பகுதி இயந்திரம் செய்வது. உருகி உறைந்து கல்லாகிக் கிடக்கும். அதனால் நடுவில் மேலே வளைந்த, 'காம்பர்' உள்ள ஸ்கீ நல்லது. ஓரம் கடிக்கும், துள்ளும்போது வில் போலத் தள்ளிக்கொடுக்கும். விறைப்பில் நடுத்தரத்துக்கும் மென்மைக்கும் இடையில் எடுங்கள். மிக மென்மையான ஸ்கீயை வளைத்து விளையாடலாம், ஆனால் ஜம்பில் தடுமாறும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரெயில் ஸ்கீயைத் தின்னும் என்பது. இரும்பின் மேல் இரும்பு ஓரம் உரசும். ஓரங்கள் வெடிக்கும், அடிப்பகுதி கீறும். பழகுகிற பிள்ளையின் ஸ்கீ முதல் வருடத்திலேயே அடிபட்டுப்போகும். அதற்குப் புத்தம்புது விலையுயர்ந்த ஸ்கீ எதற்கு? போன வருட மொடல், அல்லது இலையுதிர்காலத்தில் ஸ்கீ கழகங்கள் நடத்துகிற பழைய சாமான் விற்பனையில் ஒரு சோடி, அதுவே காணும். தட்டையான அடி, நீளமாகப் பிளக்காத ஓரம், பக்கவாட்டில் விரிசல் இல்லாத உடல், அவ்வளவு இருந்தால் எடுக்கலாம். வாங்கியதும் காலடிக்குக் கீழே இருக்கிற ஓரங்களை மட்டும் சற்று மழுக்கித் தரச் சொல்லுங்கள். கூரான ஓரம் ரெயிலில் கொளுவிக்கொள்ளும். முழு ஓரத்தையும் மழுக்க விடாதீர்கள், இந்தக் கல்லுப் பனியில் பிள்ளைக்குப் பிடி இல்லாமல் போய்விடும்.

பழைய சாமானில் நான் பயப்படுவது பைண்டிங் பற்றித்தான். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டி வைப்பதும், விழும்போது கழன்று காலைக் காப்பாற்றுவதும் அதுதான். ஒவ்வொரு பைண்டிங் கொம்பனியும் எந்தெந்த மொடலுக்கு இன்னும் தான் பொறுப்பேற்கிறது என்று பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலிலிருந்து விழுந்துவிட்ட பழைய மொடலைக் கொண்டுவந்தால் கடையில் தொடமாட்டோம். அயலவர் கராஜில் கிடந்த ஸ்கீயை இருபது டொலருக்கு வாங்கி, பைண்டிங்குக்காகப் பிறகு இருநூறு டொலர் செலவழித்தவர்கள் உண்டு. வாங்குமுன் ஒரு படம் எடுத்துக் கடையில் காட்டிவிடுங்கள்.

எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை 'டின்' என்ற எண் சொல்லும். பிள்ளையின் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்குகிற வேகம் எல்லாம் சேர்த்துக் கணக்கிடுவது அது. பார்க்கில் பெரியவர்கள் ஜம்பில் ஸ்கீ கழன்றுவிடாமல் இருக்க அதை ஏற்றிவைப்பார்கள், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் திருகாணியைத் திருகும். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். விழுந்த இடத்தில் ஸ்கீ கழலாவிட்டால் முறிவது கால். அதுபோலவே, பெரிய ஆள்களின் பைண்டிங் சிலது 4இல், சிலது 6இல்தான் தொடங்கும். 40 கிலோ பிள்ளைக்குக் கணக்கு அதற்கும் கீழே வரலாம். வாங்குமுன் குறைந்தபட்ச எண்ணைக் கேளுங்கள். சிறுவர் பூட்ஸின் அடியும் பெரியவர் பூட்ஸின் அடியும் ஒன்றல்ல. 'கிரிப்வோக்' என்கிற வளைந்த ரப்பர் அடி இன்னொரு வகை. பூட்ஸும் பைண்டிங்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவருமா என்பதைக் கடைக்காரரே சொல்ல வேண்டும், நீங்கள் ஊகிக்கக்கூடாது. வளர்ந்து பூட்ஸ் மாற்றுகிற ஒவ்வொரு வருடமும் பைண்டிங்கை மறுபடி சரிசெய்ய வேண்டும். துளையிடும்போது ஸ்கீயின் நட்டநடுவிலிருந்து ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் பின்னால் வைக்கச் சொல்லுங்கள், முன்னும் பின்னும் சறுக்கப் பழகுகிற பிள்ளைக்கு அது ஒத்துவரும்.

ஹெல்மெட் இல்லாமல் பார்க் இல்லை. சைக்கிள் ஹெல்மெட் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கிற சீட்டில் ஏஎஸ்டிஎம் எஃப்2040 அல்லது இஎன் 1077 என்று இருக்க வேண்டும். பலமாக ஓர் அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். இதைப் பழையதாக வாங்காதீர்கள்.

புது பூட்ஸோடு நேராக மவுண்ட் செயின்ட் லூயிஸ் மூன்ஸ்டோனின் பெரிய ஜம்புக்குப் போக வேண்டாம். நோர்த் யோர்க்கில் மாநகரசபை நடத்துகிற ஏர்ல் பேல்ஸ் போன்ற சின்ன மேட்டில், சாதாரணச் சரிவிலேயே பின்னோக்கிச் சறுக்கவும் சின்னத் துள்ளல் துள்ளவும் பழகட்டும். பிறகு பார்க்கில் செம்மஞ்சள் முட்டை வடிவப் பலகையில் 'எஸ்' என்று போட்டிருக்கும் சின்னப் பகுதி. அங்கேயும் முதலில் அகலமான பெட்டி, ரெயில் பிறகு.

கடைக்கு வரும்போது பிள்ளையைக் கட்டாயம் கூட்டிவாருங்கள், கால் நகம் வெட்டி, மெல்லிய சொக்ஸோடு, ஒரு மணித்தியாலம் ஒதுக்கி. வாங்கிய பிறகும் இரண்டு மூன்று நாள் சறுக்கிவிட்டு மறுபடி வாருங்கள். எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தில் தோலிலேயே பேனாவால் ஒரு புள்ளி வைத்து அனுப்புங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
பூட்ஸ் பொருத்துகிற உங்களில் ஒருவர்
ஸ்கார்பரோ